அத்தியாயம் 5: உங்கள் மெயில் யார் போனில் இருக்கிறது?

தமிழக-கேரள எல்லையோரத்தில் இருக்கும் புளியறையிலோ பகவதிபுரத்திலோ பலருக்கு மெயில் ஐடி வந்த விதம் ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் விண்ணப்பம் போட செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ பஸ் ஏறிப் போகிறான். பிரவுசிங் சென்டரில் படிவம் மெயில் ஐடி கேட்கிறது. "ஐடி இருக்கா தம்பி?" "இல்லண்ணே." "சரி, நானே போட்டுத் தாரேன்." பையனின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்து ஐடி ஆகிறது. அதே பெயரோடு ஒரு @ குறியும் 123-ம் சேர்ந்து பாஸ்வேர்டு ஆகிறது. அடுத்து போன் நம்பர் கேட்கிறது. பையனிடம் போன் இல்லை. அப்பாவின் போன் அவரோடு புனலூருக்கு வேலைக்குப் போயிருக்கிறது. வரிசை நீளமாக நிற்கிறது. கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். விண்ணப்ப நகலின் பின்பக்கத்தில் நீல மையில் ஐடியையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க" என்கிறார்.

கடைக்காரர் மேல் தப்பு சொல்ல வரவில்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும், பையனுக்குக் கடைசித் தேதி தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கணக்கு பையன் பெயருக்கும், அதைத் திறக்கும் அதிகாரம் கடைக்காரர் நம்பருக்கும் போய்விட்டது. மூன்று வருடம் கழித்துப் பையன் பாஸ்வேர்டை மறந்தால் கூகுள் அனுப்பும் குறியீடு கடைக்காரர் போனில்தான் வந்து விழும். அதற்குள் கடை கைமாறியிருந்தால், அவர் அந்த நம்பரை விட்டிருந்தால், யார் போனில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

மொபைல் கடையில் புது போன் வாங்கும்போதும் இதே கதைதான். பிளே ஸ்டோர் வேலை செய்ய ஒரு ஜிமெயில் வேண்டும். கடைப் பையன் எதையோ தட்டுகிறான், வாட்ஸ்அப் திறக்கிறது, வாங்கியவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். தனக்கு ஒரு ஜிமெயில் இருப்பதே தெரியாத அம்மாக்களும் ஆச்சிகளும் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஏராளம். வளைகுடாவில் இருக்கும் மகன் அங்கிருந்தபடியே உருவாக்கிக் கொடுத்த ஐடிகளும் உண்டு. அவற்றின் மீட்பு எண், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் குறியீடு வரும் எண், அவன் அன்றைக்கு வைத்திருந்த துபாய் நம்பர். அந்த வேலையும் போய், அந்த நம்பரும் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

ஹேக்கர் என்றதும் எங்கோ வெளிநாட்டில் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் நினைக்கிறோம். அவனும் இருக்கிறான், அவனிடம் பிறகு வருவோம். ஆனால் சின்ன ஊர்களில் மெயில் கைவிட்டுப் போவதற்குப் பெரிய காரணம், கணக்கைத் திறந்த நாளிலேயே அது வேறொருவர் கையில் இருந்தது என்பதுதான். ஆகவே இந்த அத்தியாயம் அங்கிருந்தே தொடங்குகிறது.

'மெயிலே நான் பார்ப்பதில்லை, போனால் போகட்டும்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்க்காவிட்டாலும் மற்றவர்கள் அந்த மெயிலை நம்பித்தான் இருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி கணக்கு, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், இன்சூரன்ஸ் என எதிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் புதிய பாஸ்வேர்டுக்கான வழி மெயிலுக்கோ போனுக்கோதான் வரும். மெயில் ஒருவன் கைக்குப் போனால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் பின்னால் போகும். ஆண்ட்ராய்டு போனில் அதே கணக்கில்தான் போட்டோக்களும் தொடர்பு எண்களும் பதிந்திருக்கின்றன.

மீட்பு எண்ணை இன்றே பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், கூகுள் என்பதைத் தொட்டு, 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்' என்று இருப்பதைத் திறந்து, செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். அங்கே ரெக்கவரி போன், ரெக்கவரி இமெயில் என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் இருப்பது உங்களுடையதா? போனில் உங்கள் பையில் இருக்கும் நம்பர் இருக்க வேண்டும். இமெயிலில் வீட்டில் நம்பிக்கையான ஒருவருடைய ஐடியோ, நீங்களே வைத்திருக்கும் இரண்டாவது ஐடியோ இருக்க வேண்டும். கடைக்காரர் நம்பர் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில் கூகுள் பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். மறந்திருந்தால் அந்தக் கடைக்காரர் இன்னும் கடை வைத்திருக்கும்போதே நேரில் போய் அவர் போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கடை மூடிய பிறகு இந்த வேலை நடக்காது.

எண்ணை மாற்றிய உடனேயே பழைய எண் முழுசாக விலகிவிடுவதில்லை. ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கோ பழைய மீட்பு மெயிலுக்கோ குறியீடு அனுப்பிச் சரிபார்க்க கூகுள் இடம் வைத்திருக்கிறது. திருடன் எண்ணை மாற்றிவிட்டால் உரிமையாளர் மீட்டுக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே எண்ணை மாற்றிய அந்த வாரம் கூகுளிலிருந்து எச்சரிக்கை ஏதாவது வந்தால் தள்ளிவிடாமல் படியுங்கள்.

பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து, அதே செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்று இருக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தப் போனிலும் கணினியிலும் திறந்து கிடக்கிறது என்று அது காட்டும். விற்றுவிட்ட பழைய போன், சித்தப்பா மகனுக்குக் கொடுத்த டேப், பெயர் தெரியாத ஒரு விண்டோஸ் கணினி எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த விண்டோஸ் கணினி பெரும்பாலும் பிரவுசிங் சென்டருடையது. எல்லாவற்றிலும் 'சைன் அவுட்' கொடுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலே எல்லாம் தானாக வெளியேறிவிடும் என்று நம்பாதீர்கள், சில தங்கிவிடும்.

எல்லையோர ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு சிம் வாங்குகிறார்கள். வேலை முடிந்து திரும்பினால் அதற்கு ரீசார்ஜ் போடுவதில்லை, நம்பர் செத்துப்போகிறது. அப்படி ரத்தான எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் தரக் கூடாது. அதற்குப் பிறகு நிறுவனம் அதை இன்னொருவருக்கு விற்கலாம், விற்கவும் செய்கிறது. அந்தப் புதியவர் போனில் உங்கள் மெயிலின் குறியீடு வரும். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவதைத் தவிர அப்போது வேறு வழி இருக்காது. நம்பரை விடுவதற்கு முன்பே மெயிலிலும் வங்கியிலும் மாற்றிவிட்டு விடுங்கள்.

பாஸ்வேர்டு

பாஸ்வேர்டுக்கு நீளம்தான் பலம். பிறந்த தேதி, வண்டி நம்பர், பிள்ளை பெயர், குலசாமி பெயர் எதுவும் வேண்டாம். குலசாமி பெயரை யார் கண்டுபிடிப்பார் என்று நினைக்கிறீர்கள், அதுதான் உங்கள் வாட்ஸ்அப் டிபியில் இருக்கிறதே! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் வரிசையாக அடித்தால் இருபது எழுத்துக்கு மேல் வந்துவிடும், நினைவிலும் நிற்கும். பாட்டு வரியும் பழமொழியும் வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

இதைவிட முக்கியம், மெயிலுக்கு வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கும் வைக்கக் கூடாது. காரணம் எளிது. யாஹூ நிறுவனத்தில் 2013-ல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகள், அதாவது அன்று அங்கிருந்த எல்லாக் கணக்குகளுமே, பாதிக்கப்பட்டன. முழுக் கணக்கை நிறுவனம் ஒப்புக்கொண்டது 2017-ல். நான்கு வருடம் மக்களுக்கு அதன் முழு அளவு தெரியாது. இங்கே நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களை டெலிகிராம் செயலியில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கும்படி ஒருவன் போட்டுவைத்திருந்ததை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியே கொண்டுவந்தது. மூன்று கோடிப் பேருக்கும் மேல் என்பது திருடியவன் சொன்ன கணக்கு. பெயர், போன், முகவரி, மருத்துவப் பரிசோதனை முடிவு வரை அதில் இருந்தன.

இப்படி எங்கோ ஒரு நிறுவனத்தில் கசியும் மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் எடுத்து, மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரியாணி ஆர்டர் செய்யும் தளத்துக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், பிரியாணிக் கடையின் பூட்டுதான் உங்கள் மெயிலின் பூட்டு. உங்கள் ஐடி எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. காசில்லை. அங்கே ஐடியை மட்டும்தான் போட வேண்டும், கசிவைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஐடியோடு பாஸ்வேர்டையும் கேட்கும் எந்தத் தளமும் போலி.

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டு பீரோவில், பட்டா இருக்கும் உறைக்குள் ஒரு தாளில் எழுதி வைத்தால் அதை எடுக்கத் திருடன் புளியறைக்கு வர வேண்டும். விண்ணப்ப நகலின் பின்பக்கத்தில் எழுதி அதையே ஊரெல்லாம் ஜெராக்ஸ் போடுவதுதான் தப்பு.

சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி

இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பு, கட்டாயம் போட வேண்டும். செக்யூரிட்டி பக்கத்தில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று இருக்கும். பலரும் எஸ்எம்எஸ்-ல் வரும் ஓடிபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான், ஆனால் அதில் இரண்டு குறை.

ஒன்று, எஸ்எம்எஸ் சிக்னலை நம்பி இருக்கிறது. புளியறை தாண்டி எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு பக்கம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலைக்கும் மரத்துக்கும் நடுவே சிக்னல் வரும் போகும். அவசரத்துக்கு மெயிலைத் திறக்க வேண்டிய நேரத்தில் ஓடிபி சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டு, சிம் மாற்று மோசடி. உங்கள் பெயரில் போலி அடையாளம் காட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, இன்னொருவன் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிடுவான். அந்த நொடியில் உங்கள் போனில் சிக்னல் செத்துவிடும், பிறகு ஓடிபியெல்லாம் அவனுக்குப் போகும். இதைத் தடுக்கத்தான் மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வரக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-ல் உத்தரவு போட்டது. உங்களுக்கு அந்த ஒரு நாள்தான் அவகாசம். பக்கத்தில் இருப்பவர்கள் போனில் சிக்னல் இருந்து உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்காக இல்லாவிட்டால், மழைக்கு டவர் போயிருக்கும் என்று விட்டுவிடாமல் இன்னொரு போனிலிருந்து வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள்.

இரண்டு குறைக்கும் ஒரே மருந்து அதென்டிகேட்டர் செயலி. கூகுளுடையது இருக்கிறது, சோஹோ நிறுவனத்தின் ஒன்ஆத் இருக்கிறது. 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அது போனுக்குள்ளேயே உருவாக்குகிறது. சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், எஸ் வளைவிலும் வேலை செய்யும். புதிய போன்களில் 'பாஸ்கீ' என்ற வசதியும் வந்துவிட்டது. கைரேகை வைத்தால் மெயில் திறக்கும். போலித் தளத்தில் பாஸ்கீ வேலையே செய்யாது என்பதால் ஏமாறவும் வழியில்லை. உங்கள் போன் அதை ஏற்குமானால் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

போனே தொலைந்துவிட்டால்? அதற்கு 'பேக்கப் கோட்ஸ்' இருக்கின்றன. கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதி அதே பட்டா உறைக்குள் வையுங்கள். இதைப் போட்டோ எடுத்து அதே போனில் வைத்திருப்பவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள்

இனி வெளியூர்த் திருடன். அவன் உங்கள் பாஸ்வேர்டை உடைப்பதில்லை, உங்களையே சொல்ல வைக்கிறான். 'மெயில் இடம் நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும்', 'வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது', 'புதிய பான் 2.0 அட்டையை இங்கே தரவிறக்குங்கள்' என்று மெயில் வரும். பான் 2.0 பெயரில் வருபவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே எச்சரித்தது. அந்த இணைப்பைத் தொட்டால் அச்சு அசலாக கூகுள் பக்கம் போலவே ஒன்று திறக்கும். அதில் அடிக்கும் பாஸ்வேர்டு நேராக அவனுக்குப் போகும்.

இதைக் கண்டுபிடிக்கும் வேலையை நம் புளியறைச் சோதனைச் சாவடியில் தினமும் பார்க்கிறோம். கேரளத்திலிருந்து இறங்கும் லாரியின் சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது. அங்கிருந்து கொண்டுவந்த மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலிச் சுற்றுப்புறத்தில் குவிந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், கேரள அரசே திரும்ப அள்ளிக்கொண்டு போக வேண்டி வந்தது. சீட்டைப் பார்ப்பது போதாது, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மெயிலில் அனுப்புநர் பெயராக யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். 'ஸ்டேட் பேங்க்' என்று பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தொட்டால் உள்ளே உண்மையான முகவரி தெரியும். அதில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை, முக்கியமாகக் கடைசித் துண்டைப் படியுங்கள். வருமான வரித் துறை என்றால் 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் 'கவ்' என்று வந்து கடைசியில் வேறெதுவோ வந்தால் அது அரசு இல்லை. வங்கித் தளங்கள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதால் இப்போது வங்கியைச் சரிபார்ப்பது சுலபமாகிவிட்டது. இதற்கும் மேலான ஒரு பழக்கம் உண்டு. மெயிலில் வரும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். வங்கியில் ஏதோ பிரச்சினை என்றால் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். பிரச்சினை உண்மையென்றால் அங்கேயும் இருக்கும்.

படிக்காதவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் டிடிராக் என்ற உளவு நிரல் புகுந்திருந்தது. அக்டோபர் 29-ம் தேதி அப்படி எதுவும் இல்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அது தப்பியது. இந்திய அணு விஞ்ஞானிகள் சிலருக்குப் பொறி வைத்த மெயில்கள் அனுப்பப்பட்டதாகத் தென்கொரிய ஆய்வுக் குழு ஒன்று அப்போது சொன்னது. அவர்களுக்கே வலை வீசுகிறவர்கள் நமக்கு வீச மாட்டார்களா?

போனில் அழைத்து ஓடிபி கேட்பவனைப் பற்றித் தனியாக எழுதவில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது, மகன் குரலில் கேட்டாலும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

ஜெராக்ஸ் கடை

ஹேக்கர் வராமலே நம் விவரங்கள் வெளியே போகும் இடம் இதுதான். "அந்த ஆதாரை எங்க மெயிலுக்கு அனுப்புங்க அண்ணாச்சி, பிரிண்ட் எடுத்துத் தாரேன்." அனுப்புகிறோம், இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். மாலை ஆனதும் அந்தக் கடையின் கணினியில் எட்டிப் பாருங்கள். டவுன்லோட்ஸ் என்ற மஞ்சள் நிறக் கோப்புறைக்குள் ஆதார், பான், சாதிச் சான்று, பத்திரம், ஜாதகம் என்று ஊரே வரிசையாகக் கிடக்கும். யாரும் அழிப்பதில்லை. அந்தக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும், பழைய விலைக்குத் தள்ளினாலும், எல்லாம் அதோடு போகும்.

இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் எல்லோருக்கும் அந்தப் பாஸ்வேர்டு. கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருந்தால், மீதி இருப்பது வருடத்தை ஊகிப்பது மட்டும்தான்.

ஆகவே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் தளத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலம் சீசனில் லாட்ஜுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் மெயிலில் அனுப்பவும் அதுவே ஏற்றது. பிரிண்ட் எடுத்ததும் "தம்பி, அதை அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்னுலயும் எடுத்துருங்க" என்று நின்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கடைக் கணினியில் உங்கள் மெயிலைத் திறக்கவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் இன்காக்னிட்டோ சன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் சன்னலை மூடிவிட்டு வாருங்கள். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மெயிலுக்குள்ளும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, 'சென்ட்' பகுதி. அதில் ஆதார், பான், பாஸ்புக் என்று தேடிப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்கு அனுப்பியதெல்லாம் கிடைக்கும். வேண்டாதவற்றை அழித்து, டிராஷையும் காலி செய்யுங்கள். நாளைக்கு ஒருவன் உள்ளே வந்தாலும் எடுக்க ஒன்றும் இருக்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை போனில் தெரியவே தெரியாது. உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலையும் வேறொரு ஐடிக்கு அனுப்பும் 'ஃபார்வேர்டிங்' வசதி ஜிமெயிலில் இருக்கிறது. அதைக் கணினியில் திறந்தால்தான் பார்க்க முடியும், போன் செயலியில் அந்தப் பக்கமே இல்லை. ஒருமுறை உள்ளே வந்தவன் இதைப் போட்டுவிட்டுப் போனால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் நகல் போய்க்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது நம்பகமான ஒரு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபார்வேர்டிங்' பகுதியையும் 'ஃபில்டர்ஸ்' பகுதியையும் பாருங்கள். பக்கத்தின் கீழே வலது ஓரத்தில் 'டீடெயில்ஸ்' என்று சிறு எழுத்தில் இருக்கும். அண்மையில் எங்கிருந்தெல்லாம் உங்கள் மெயில் திறக்கப்பட்டது என்று அது காட்டும்.

விளம்பர மெயில்களில் படம் இருந்தால், நீங்கள் எப்போது திறந்தீர்கள் என்பது அந்தப் படம் வழியாக அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். 'இமேஜஸ்' அமைப்பில் கேட்டுவிட்டுக் காட்டும்படி மாற்றினால் போதும்.

மத்தளம்பாறை மெயில்

தென்காசிக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "நம்ம மத்தளம்பாறை சோஹோ மெயிலுக்கு மாறிரலாமா?" தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ 2008-ல் தொடங்கிய மெயில் சேவை அது. 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை அதற்கு மாற்றியதாக அறிவித்தார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில்களும் அந்தத் தளத்துக்குப் போய்விட்டதாக அப்போது செய்தி வந்தது. மெயிலில் விளம்பரம் போடுவதில்லை என்பது அதன் கொள்கை. மாற விரும்பினால் தாராளமாக மாறலாம். ஆனால் பையன் பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டையும் கடைக்காரர் நம்பரையும் அங்கேயும் கொண்டுபோனால் எந்த நிறுவனத்தாலும் காப்பாற்ற முடியாது. பழைய ஜிமெயிலை அப்படியே கைவிடவும் வேண்டாம். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை கூகுள் அழிக்கிறது, வங்கியும் பள்ளியும் அதே பழைய ஐடிக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கும்.

போய்விட்டால்

கணக்குக்குள் போக முடியவில்லை என்றால், வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் அதே போனில், வழக்கமான வீட்டு இணைப்பில் உட்கார்ந்து 'அக்கவுன்ட் ரெக்கவரி' பக்கத்தை முயலுங்கள். பழக்கமான சாதனமும் இடமும் கூகுளுக்கு ஓர் அடையாளம். பிரவுசிங் சென்டரில் போய் முயன்றால் வாய்ப்பு குறையும். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தால் முன்னே சொன்ன ஏழு நாள் கணக்கு இங்கேதான் உதவும், தள்ளிப்போடாதீர்கள். 'கணக்கை மீட்டுத் தருகிறேன், இரண்டாயிரம் ஆகும்' என்று இணையத்தில் வருபவர் எல்லோரும் அடுத்த திருடர்கள். கூகுள் இதற்குப் பணம் வாங்குவதில்லை.

உள்ளே போனதும் மீட்பு எண், பாஸ்வேர்டு, சாதனங்கள், ஃபார்வேர்டிங் என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் பணம் கேட்டு மெயில் போயிருக்கலாம்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த முடியும். பணம் போகாமல் கணக்கு மட்டும் போயிருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், தென்காசி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். இன்னொருவர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66சி பிரிவின்படி குற்றம், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. "மெயிலுக்கெல்லாம் கம்ப்ளைன்ட்டா?" என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவு எண்களைச் சொல்லுங்கள்.

போகும்போது ஸ்கிரீன்ஷாட்டுகள், அந்த மோசடி மெயில் (அழித்துவிடாதீர்கள்), வங்கிப் பரிவர்த்தனை எண், நடந்த தேதியும் நேரமும் எழுதிய தாள் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். புகார் கொடுத்ததற்கான எண்ணை எழுதி வாங்காமல் திரும்பி வராதீர்கள்.